சாம்பிராணிப் புகை: சட்டியில் எரிவது எது, வீட்டுக்குள் தங்குவது எது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி போடுவது, எவரும் விளக்கம் கேட்காமலே தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். இப்போது அதைப் பற்றிக் கேள்விகள் எழுகின்றன. மூலிகைப் புகை காற்றிலுள்ள கிருமிகளில் 94 விழுக்காட்டை அழிப்பதாக அறிவியல் நிரூபித்துவிட்டது என்று புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு செய்தி வருகிறது. சாம்பிராணிப் புகை சிகரெட்டைவிடக் கொடியது, உடனே நிறுத்துங்கள் என்று இன்னொரு செய்தி வருகிறது. இணையக் கடைகளோ 'எதிர்மறை ஆற்றலை நீக்கும்' என்று அச்சிட்ட மூலிகைக் கட்டுகளை, எங்கோ விளைந்த இலைகளையும் சேர்த்து விற்கின்றன. வீட்டில் இளைப்பு நோயுள்ள (ஆஸ்துமா) பிள்ளை இருந்தால், சட்டியை எடுப்பதா வைப்பதா என்று பெரியவர்கள் தடுமாறுகிறார்கள்.

இதைத் தெளிவுபடுத்த மூன்று வினாக்களைத் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். வழக்கம் எதற்காக நடக்கிறது? சட்டியில் உண்மையில் எரிவது என்ன? அந்தப் புகை இன்றைய வீட்டுக்குள் என்ன செய்கிறது? முதலாவதற்கு விடை நம்பிக்கையிலும் மரபிலும் இருக்கிறது. மற்ற இரண்டும் அளந்து பார்க்கக்கூடியவை.

வழக்கத்தின் இடம்

வீட்டைக் கூட்டித் துடைத்து, குளித்து விளக்கேற்றி, தூபக்காலில் தணலை எடுத்துப் பூசையிடத்தில் தொடங்கி, ஒவ்வோர் அறையின் மூலைக்கும் காட்டி, வாசல் நிலையில் கொண்டுவந்து முடிப்பது பொதுவான முறை. வெள்ளி, செவ்வாய், அமாவாசை ஆகிய நாள்கள் இதற்குரியவை. சாவு வீட்டில் கருமக்கிரியை முடிந்து வீட்டைக் கழுவிவிடும்போதும், புது வீட்டுக்குக் குடிபோகும்போதும், நீண்ட நாள் நோயில் கிடந்தவர் எழுந்து தலைக்கு ஊற்றிக்கொள்ளும் நாளிலும் புகை போடுவார்கள். பிள்ளை பெற்ற தாயின் கூந்தலை உலர்த்தவும், குளிப்பாட்டிய சிசுவின் தலையில் ஈரம் தங்காமல் இருக்கவும் போடுவது இன்னொரு வகை. அதில் சடங்கைவிடப் பயன்பாடே முன்னிற்கிறது.

கண்ணேறு கழிப்பது இவற்றிலிருந்து வேறுபட்டது. காய்ந்த மிளகாய், கல்லுப்பு, வெண்கடுகு ஆகியவற்றை ஆளைச் சுற்றித் தணலில் போடுகிறார்கள். மிளகாய் நெடி ஏறாவிட்டால் கண்ணேறு பலமாக இருந்தது என்று பொருள் கொள்வதும் உண்டு.

தூபம் காட்டுவதைப் பெருந்தொண்டாகவே போற்றிய மரபு நம்முடையது. திருக்கடவூரில் இறைவனுக்குக் குங்கிலியத் தூபம் இடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர் குங்கிலியக் கலய நாயனார். வறுமை முற்றியபோது நெல் வாங்கி வரும்படி மனைவி கழற்றிக் கொடுத்த தாலியையும் கொடுத்து அவர் குங்கிலியப் பொதி வாங்கினார் என்பது வரலாறு. ஆகவே, புகை போடுவதை வெறும் மூடப்பழக்கம் என்று தள்ளுபவர்கள் அதன் வேர் எவ்வளவு ஆழம் என்பதை அறியாமல் பேசுகிறார்கள். அதே தோட்டப்புற நகரத்தில் மலாய்க்காரர்கள் கெமெனியான் என்று அழைப்பதும் நம் சாம்பிராணிப் பிசினைத்தான்.

சட்டியில் எரிவது என்ன?

சாம்பிராணி என்று கேட்டு வாங்குபவரின் கையில் வந்து சேரும் பொருள் ஒன்றல்ல, பல. இந்த வேறுபாட்டை அறியாமல் நன்மை தீமை பேசுவதில் பயனில்லை.

1. கட்டிச் சாம்பிராணி. இது ஸ்டைராக்ஸ் இன மரங்களின் பிசின். ஸ்டைராக்ஸ் பென்சாயின் என்னும் மரம் சுமத்திராவிலும் மலாயாத் தீபகற்பத்திலும் இயற்கையாக வளர்வது. லாவோஸ் பகுதியில் விளையும் ஸ்டைராக்ஸ் டோன்கினென்சிஸ் அதன் உறவு மரம். சுமத்திராவின் வடக்கே தாப்பானுலி மலைப்பகுதியில் பாத்தாக் மக்கள் மரப்பட்டையில் கீறலிட்டு இதை எடுக்கிறார்கள். பால்மரம் வெட்டிப் பழகிய நம் மக்களுக்கு இந்த வேலை எளிதில் புரியும். ஆனால் ரப்பர்ப் பால் அன்று காலையே மங்கில் நிறைந்துவிடும், சாம்பிராணிப் பிசினோ பட்டைக்கும் மரத்துக்கும் இடையே ஊறி இறுகி, சுரண்டி எடுக்கும் பக்குவத்துக்கு வரச் சில மாதங்கள் ஆகும்.

2. குங்கிலியம், குந்திரிக்கம் முதலிய பிற பிசின்கள். குங்கிலியம் என்ற பெயரில் பல மரங்களின் பிசின்கள் விற்கப்படுகின்றன. குந்திரிக்கம் என்று பெரும்பாலும் விற்கப்படுவது பாஸ்வெல்லியா இன மரத்தின் பிசின். இவை எவையும் சாம்பிராணி அல்ல. மணமும் வேதிப்பொருள்களும் வேறு.

3. இலையும் விதையும். வேப்பிலை, நொச்சி, அருகம்புல், வெண்கடுகு, மருதாணி விதை, பூண்டுத் தோல் ஆகியவை இவ்வகை. பச்சையாகவோ அரைகுறையாகக் காய்ந்தோ தணலில் போடும் இலை சரியாக எரியாமல் கனத்த ஈரப்புகையை விடும். கண்ணில் நீர் வரவைப்பது பெரும்பாலும் இந்தப் புகைதான்.

4. கிண்ணச் சாம்பிராணி, கம்ப்யூட்டர் சாம்பிராணி. தணல் எடுக்கும் வேலையில்லாமல் தீக்குச்சியால் பற்றவைப்பவை. கரித்தூள், மரத்தூள், ஒட்டும் பசை, வாசனைப் பொருள் ஆகியவற்றின் கலவை இது. இதில் உண்மையான பிசின் எவ்வளவு, செயற்கை வாசனை எவ்வளவு என்று பெட்டியில் பெரும்பாலும் எழுதியிருப்பதில்லை. சட்டென்று பற்றிக்கொள்ளும் கரி வில்லைகள் சிலவற்றில் வெடியுப்பும் கலந்திருக்கும். பற்றவைத்தவுடன் பொறிபறப்பது அதனால்தான்.

இந்நான்கில் முதலாவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல கட்டிச் சாம்பிராணியை உடைத்துப் பார்த்தால், பழுப்பு நிறத்துக்கு நடுவே பால் நிறக் கட்டிகள் பதிந்திருக்கும். சாம்பல் பூத்த தணலில் ஒரு துண்டை வைத்தால் முதலில் விளிம்பு இளகும், பிறகு நுரைத்துக் குமிழியிட்டு வெண்புகை எழும், இனிய மணம் பரவும். அந்த இனிமைக்குக் காரணங்களுள் ஒன்று அதிலுள்ள சிறிதளவு வெனிலின். மாறாக, கொழுந்துவிட்டு எரியும் கரியின்மேல் அள்ளிப் போட்டால் பிசினே தீப்பிடிக்கும். புகை கருக்கும், மணம் போய்க் கரிநாற்றம் வரும். தணல் பூத்த பிறகே சாம்பிராணி போட வேண்டும் என்று பாட்டிமார் சொல்வது இந்த வேறுபாட்டை அறிந்துதான்.

வெண்புகையாக எழுவதில் ஒரு பகுதி பென்சாயிக் அமிலம். சூடேறும்போது பிசினிலிருந்து ஆவியாகி, காற்றில் குளிர்ந்து நுண்துகளாகும் பொருள் இது. ஐரோப்பியர் 16ஆம் நூற்றாண்டிலேயே சாம்பிராணியைச் சூடாக்கி இதைப் பிரித்தெடுத்தார்கள். அமிலத்துக்குப் பெயரும் இந்தப் பிசினிலிருந்தே வந்தது. மிளகாய்ச் சாற்றுப் புட்டியிலும் குளிர்பானத்திலும் பூஞ்சைக் காப்பானாகச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட் இந்த அமிலத்தின் உப்பு. ஆகவே, சாம்பிராணியில் நுண்ணுயிரைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்பது கட்டுக்கதையல்ல. ஆனால் உணவில் கரைந்திருக்கும் பொருள் செய்யும் வேலையை, அறைக்குள் சில நிமிடம் மிதக்கும் புகையும் அப்படியே செய்துவிடும் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

'94 விழுக்காடு' எங்கிருந்து வந்தது?

இந்த எண் புனைந்தது அல்ல. லக்னோவிலுள்ள தேசிய தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் அது வருகிறது. ஓமத்துக்கு (வேள்விக்கு) பயன்படுத்தும் விறகையும் மூலிகைக் கலவையையும் ஓர் அறைக்குள் ஒரு மணிநேரம் எரித்து, காற்றிலிருந்த பாக்டீரியாவின் எண்ணிக்கையை முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். 94 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. அறை மூடியே இருந்தபோது அந்த நிலை ஒரு நாள்வரை நீடித்தது.

புலனச் செய்தியில் விடுபடுவது ஆய்வின் நிபந்தனைகள். எரித்தது ஓமக் கலவை. நாம் வாங்கும் கிண்ணச் சாம்பிராணி அல்ல. எண்ணியது காற்றில் மிதந்த பாக்டீரியாவை. வைரஸ் அதில் சேராது. அந்தப் புகையைச் சுவாசித்தவரின் உடல்நிலை அங்கே அளக்கப்படவில்லை. காற்றிலுள்ள உயிரிகளை அந்த அளவுக்கு ஒடுக்கும்படி ஒரு மணிநேரம் புகை நிறைத்து மூடிய அறைக்குள் பிள்ளைகளை உட்காரவைக்க எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார்.

எதிர்ப்பக்கச் செய்தியிலும் இதேபோன்ற மிகை உண்டு. ஒரு கொசுவர்த்திச் சுருளிலிருந்து வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு சொன்னது; சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை எரித்துப் பார்த்த ஆய்வு அது. பல மணிநேரம் எரியும் சுருளுக்குரிய இந்தக் கணக்கைச் சில நிமிடச் சாம்பிராணியின் தலையில் கட்டுவது நேர்மையாகாது.

கொசு என்றதும் டிங்கியையும் சொல்லிவிட வேண்டும். வேப்பிலைப் புகை கொசுவைச் சற்று நேரம் விரட்டும். தேங்கிய நீரிலுள்ள புழுவுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது.

எதிர்மறை ஆற்றல் என்று எதைச் சொல்கிறோம்?

இயற்பியலில் ஆற்றல் என்பது அளக்கக்கூடிய ஒன்று. விற்பனையாளர் சொல்லும் எதிர்மறை ஆற்றலை அளக்க எந்தக் கருவியும் இல்லை. நம் பெரியவர்கள் தீட்டு, கண்ணேறு, காத்து கருப்பு என்று சொன்னபோது அவற்றை அறிவியல் என்று சொல்லவில்லை. துக்கம் நடந்த வீட்டை மறுபடி வாழும் வீடாக்கவும், நோயில் கிடந்தவரை மறுபடி குடும்பத்தின் நடுவே உட்காரவைக்கவும் ஒரு செயல் தேவைப்பட்டது, அதைச் செய்தார்கள். அதற்கு ஆய்வுக்கூடச் சான்றிதழ் வேண்டியதில்லை. அந்த மரபின் சொல்லை எடுத்துவிட்டு, அறிவியல்போல ஒலிக்கும் சொல்லை ஒட்டி விலை ஏற்றுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

புகை போட்டபின் மனம் இலேசாவதாகப் பலர் சொல்வது உண்மையான அனுபவம். வீடு சுத்தமாகியிருக்கிறது, விளக்கு எரிகிறது, சிறுவயதிலிருந்து பழகிய மணம் மூக்கில் ஏறுகிறது, வீட்டார் ஒன்றாக நிற்கிறார்கள். இவற்றுள் எதுவும் சிறிய காரணம் அல்ல. குந்திரிக்க வகைப் பிசினிலுள்ள இன்சென்சோல் அசிட்டேட் என்னும் பொருள் எலிகளில் பதற்றத்தைக் குறைத்ததாக 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் அது பிரித்தெடுத்த பொருளை எலிக்குச் செலுத்திப் பார்த்த சோதனை. சாம்பிராணி பற்றியதும் அல்ல.

இந்நம்பிக்கையில் உயிருக்கே தீங்காகக்கூடிய ஓர் இடம் உண்டு. மூடிய அறையில் புகை போட்டபின் தலை கனக்கிறது, கிறுகிறுக்கிறது, குமட்டுகிறது என்றால், கெட்டது உடம்பைவிட்டு இறங்குகிறது என்று பொருள் கொள்பவர்கள் உண்டு. கரித் தணலிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு நஞ்சின் முதல் அறிகுறிகளும் இவையேதான். நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்ளும். சாம்பிராணி மணம் அடங்கிய பிறகும் கரி கனன்றுகொண்டே இருக்கும். வாயுவும் வந்துகொண்டே இருக்கும். இந்த அறிகுறிகள் தோன்றினால் உடனே அனைவரும் வெளிக்காற்றுக்கு வர வேண்டும். தலைவலியோ மயக்கமோ நீடித்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீடு மாறிவிட்டது

இங்கே நாம் புகை போடும் அளவும் முறையும் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) நிலைத்தவை. பலகைச் சுவர், தகரக் கூரை, இரண்டுக்கும் நடுவே கைநுழையும் இடைவெளி, பின்பக்கம் திறந்த அடுப்படி என்று அமைந்த வீட்டில் புகை எவ்வளவு போட்டாலும் கால்மணி நேரத்தில் வெளியேறிவிடும். ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறியபோது, மக்கள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியின் வரிசை வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்தார்கள். வரிசை வீட்டின் இரு பக்கச் சுவரும் அடுத்த வீட்டாருடன் பொதுவானது. காற்று முன்னாலும் பின்னாலும்தான் நுழைய முடியும். கொசுவுக்குப் பயந்து, விளக்கு வைக்கும் அதே நேரத்தில்தான் சன்னலையும் சாத்துகிறோம். குளிர்சாதனம் ஓடினால் நிலைமை இன்னும் மோசம்: சுவரில் பொருத்தும் வகை வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. அதிலுள்ள வலை தூசியைப் பிடிக்கும், புகைத் துகளைப் பிடிக்காது. சட்டியின் அளவும் சாம்பிராணியின் அளவும் லயத்து வீட்டுக்கு ஏற்றவையாகவே இருக்க, வீடு மட்டும் அடைபட்டுவிட்டது.

அடைபட்ட வீட்டில் தங்குவது நுண்துகள். 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகளை பிஎம் 2.5 என்கிறார்கள், தலைமுடியின் குறுக்களவில் ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு. நுரையீரலின் கடைசிச் சிற்றறைவரை அது போகும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வழிகாட்டி அளவு, 24 மணிநேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராம். புகைமூட்டக் காலத்தில் நாம் அஞ்சுவதும் இதே வகைத் துகளுக்குத்தான். 2013 ஜூனில் ஜொகூர் மாநிலத்து மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746ஐத் தொட்டு, அங்கே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். குறியீடு 100ஐத் தாண்டினாலே காற்று சுகாதாரக்கேடு நிலையில் இருக்கிறது என்று பொருள். அத்தகைய நாளில் சன்னலைத் திறந்தால் வெளிப்புகை வரும், மூடினால் உள்புகை தங்கும். அந்த வெள்ளிக்கிழமை விளக்கோடு நிறுத்திக்கொள்வதே சரி.

நீண்டகால விளைவுக்கு நம் அண்டை நாட்டுச் சான்று ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 61,320 சீனர்களைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஆய்வில், நெடுங்காலம் அதிகமாக ஊதுவத்திப் புகையில் வாழ்ந்தவர்களிடம் மேல்சுவாசப் பாதையின் சிலவகைப் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது. நுரையீரல் புற்றுநோயில் ஒட்டுமொத்த உயர்வு தெரியவில்லை. வீட்டில் இரவும் பகலும் ஊதுவத்தி எரிப்பவர்களுக்குத்தான் இது முதலில் பொருந்தும். வாரத்துக்கு ஒருமுறை, காற்றோட்டத்தில், ஒரு துண்டுச் சாம்பிராணி போடுபவரை இதைக் காட்டி அச்சுறுத்துவது முறையல்ல.

வெளிநாட்டு மூலிகைக் கட்டு பற்றி

இணையத்தில் விற்கும் ஒயிட் சேஜ் என்பது அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோப் பகுதியிலும் மட்டுமே இயற்கையாக வளரும் செடி. அந்த மண்ணின் பூர்வகுடி மக்களுக்கு அது புனிதமானது. அவர்களுடைய சமயச் சடங்குகளுக்கே 1978இல்தான் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்புத் தந்தது. இன்று உலகச் சந்தையின் தேவைக்காகக் காட்டிலிருந்து அந்தச் செடியைத் திருடி அறுப்பது அவர்களுக்குப் பெரும் கவலையாகியுள்ளது. நம் சடங்கை யாரோ ஒருவர் பிடுங்கி விற்றால் நமக்கு எப்படி வலிக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், இதை வாங்கத் தோன்றாது. அதன் புகையும் புகைதான். நம் வேப்பிலையைவிட நுரையீரலுக்கு இலேசானது அல்ல.

வழக்கத்தைக் கைவிடாமல் செய்ய வேண்டியவை

1. புகை போடுமுன் முன்கதவையும் பின்கதவையும் சேர்த்துத் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று ஓடாது. குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, முடிந்தபின் அரைமணி நேரமாவது கதவுகளைத் திறந்தே வைக்க வேண்டும்.

2. கட்டிச் சாம்பிராணியில் சுண்டுவிரல் நகமளவு துண்டு ஒரு வீட்டுக்குப் போதும். இலை போடுவதானால் நன்றாகக் காய்ந்ததைப் போட வேண்டும். பொருள்களின் பட்டியல் இல்லாத கிண்ணச் சாம்பிராணியைத் தவிர்ப்பது நல்லது.

3. இளைப்பு நோயாளிகள், கர்ப்பிணிகள், இதய நோயுள்ள முதியவர்கள் ஆகியோர் அந்நேரம் வெளியே இருக்கட்டும். காய்ந்த மிளகாயைச் சுற்றிப் போடுவது இளைப்பைக் கிளப்பும். அதை வீட்டுக்கு வெளியே, வாசலுக்கு அப்பால் வைத்துக்கொள்ளலாம்.

4. சிசுவுக்குப் புகை காட்டவே கூடாது. பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்; பச்சிளங்குழந்தை 30 முதல் 60 முறை. அதே அறையில் குழந்தையின் சிறு உடல், எடையோடு ஒப்பிட்டால், பெரியவரைவிட அதிகப் புகையை இழுக்கும். தலை ஈரம் காய மெல்லிய துண்டு போதும். தாயின் கூந்தலுக்குப் புகை காட்டுவதானால், திறந்த முற்றத்தில், குழந்தை வேறொரு கையில் இருக்கும்போது செய்யலாம்.

5. வீட்டை வலம்வந்து முடித்ததும் சட்டியை உள்ளே வைக்காமல் வெளித் திண்ணைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மணம் நின்றாலும் தணல் அடங்கியிருக்காது. படுக்கையறையில் சட்டியை வைத்துக் கதவைச் சாத்துவது எந்த நாளிலும் வேண்டாம். சாம்பலில் நீர் தெளித்து, கை வைத்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே குப்பைத் தொட்டியில் கொட்ட வேண்டும்.